ஊசி போடாமல் அனுப்பிய டாக்டர்

எங்கள் பெரம்பூர் பக்கம் யாராவது புதிதாக நாய்க்குட்டி கொண்டு வந்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு கேள்விகள் வரும். "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" அப்புறம், "எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" முதல் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு வரும் பதில்களை நான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். "அவர் கைராசிக்காரர்." "ஒரே ஊசிதான், மறுநாள் எழுந்து ஓடிடும்." "காசு கம்மியா வாங்குவார்." "நாய்னா அவருக்கு உசுரு." கிட்டத்தட்ட எல்லாருமே இந்த நாலுக்குள்தான் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் நாய் நிஜமாகவே படுத்துவிட்ட அன்றைக்கு இந்த நாலும் போதாது.

எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு நாட்டு நாயும் பொன்னி என்று ஒரு பூனையும் இருக்கின்றன. இவர்களை வளர்த்ததை வைத்தும், தெருவில் மற்றவர்கள் வீட்டு நாய்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரி போய் வந்ததை வைத்தும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் கைராசி. நாய்க்கு வாந்தி, பேதி என்றால் பாதிக்கு மேல் கண்டதைத் தின்றதால் வருவது. ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கிவிடும். நாம் டாக்டரிடம் போவது இரண்டாம் நாள். அவர் ஊசி போடுகிறார், மூன்றாம் நாள் நாய் வாலாட்டுகிறது, நல்ல பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது. அதே டாக்டரிடம், தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ என்கிற வைரஸ் நோய் முற்றிய நிலையில் கொண்டு போனால், ராத்திரி பகலாக டிரிப் ஏற்றியும் குட்டி தங்காமல் போகலாம். உடனே "அவர் கை சரியில்லை" என்றாகிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பற்றிக்கூட "அங்க கொண்டு போனா திரும்பி வராது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு இடத்தில் காட்டி, எங்கும் முடியாமல் கடைசியாக வருகிற நாய்கள் அங்கே அதிகம். அதனால் சாவும் அங்கே அதிகம் கண்ணில் படும். அதை வைத்து அந்த இடத்தை எடைபோடுவது அநியாயம்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மிளகுக்கு ஒரு கோடையில் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கிட்டத்தில் இருக்கிறதே என்று ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனோம். ஏசி போட்ட வரவேற்பறை, சுவரெல்லாம் நாய்ப் படங்கள். உள்ளே இருந்தவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டார், எழுதினார். எடை பார்க்கவில்லை, "பதினெட்டு கிலோ இருக்குமா?" என்று எங்களையே கேட்டார். இரண்டு ஊசி, ஒரு டானிக். வெளியே வந்தோம். அன்று ராத்திரி காய்ச்சல் இறங்கி மிளகு கொஞ்சம் பால்சாதம் சாப்பிட்டது. மறுநாள் மதியம் மறுபடி அனலாகக் கொதித்தது. என்ன ஊசி போட்டார் என்று சீட்டைப் பார்த்தால் டானிக்கின் பெயர் மட்டும்தான் இருந்தது.

தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா சொல்லி, அடுத்த இடத்துக்குப் போனோம். ஒரே அறை, வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மிளகு மேஜையில் ஏற மறுத்தது. அந்த டாக்டரம்மா "இருக்கட்டும், நானே கீழ வரேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கட்டைவிரலால் ஈறை அழுத்தி எடுத்து, வெளுத்த இடத்தில் நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்த்தார். இரண்டு விநாடிக்குள் வர வேண்டுமாம். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று நெறிகட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்ததில் 104 காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காது மடலைப் புரட்டினார், கால்விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்தார், ஒரு உண்ணி கிடைத்தது. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முடி குறைவாக இருக்கும் உள்தொடையில் டார்ச் அடித்துக் காட்டினார். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"இன்னைக்கு ஊசி வேணாம்மா. முதல்ல ரத்தம் எடுத்துடலாம். பார்க்காம போட்டா எதுக்குப் போட்டோம்னு நாளைக்கு எனக்கே தெரியாது" என்றார்.

கூட வந்திருந்த என் மாமியாருக்கு மனசே ஆறவில்லை. வெளியே வந்ததும், "ஊசியே போடல, எதுக்கு அவ்வளவு காசு வாங்கினாங்க?" என்றார். அவர் கேட்டது தப்பில்லை. மனிதர்களுக்கான டாக்டரிடமே ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று பழகியவர்கள் நாம். கால் மணி நேரம் ஒருவர் தரையில் உட்கார்ந்து தலை முதல் வால் வரை தொட்டுப் பார்த்தாரே, அந்தக் காசு அதற்குத்தான் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. காது நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்ததும் சேர்ந்து, எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானது. சென்னையில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகியிருக்கும். இதே உண்ணி பேபிசியா என்று இன்னொன்றையும் கொண்டு வரும். அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், மருந்து வேறு. ரத்தம் பார்க்காமல் குத்துமதிப்பாகப் போடும் ஊசி எங்கே இடறும் என்று அப்போது புரிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். "நாளை மறுநாளே நல்லா ஆயிடும், அதைப் பார்த்து நிறுத்திடாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னார். சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும், கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும் என்றார். அதோடு விடவில்லை. உண்ணி நாய் மேல் மட்டும் இருக்காது, சுவர் விரிசலிலும் கட்டிலுக்கு அடியிலும் முட்டையிடும், வீட்டையும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மிளகு எழுந்துவிட்டது. நாங்கள் அன்றிலிருந்து அவரிடமே போகிறோம்.

பின்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது. "ஊசி போடாம அனுப்பினா பாதிப் பேர் அடுத்த தடவை வர மாட்டாங்க. நான் புதுசா கிளினிக் வச்சப்போ வாடகை கட்டவே கஷ்டமா இருந்துச்சு." யோசித்துப் பார்த்தால், ஊசி கேட்டுக் கேட்டே டாக்டர்களை அந்தப் பக்கம் தள்ளுவது நாம்தான். பொறுமையாகப் பார்க்கிறவரிடம் கூட்டம் குறைகிறது, நின்றபடியே இரண்டு ஊசி போடுகிறவரிடம் டோக்கன் கிடைப்பதில்லை. நல்ல டாக்டர் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள், நல்ல டாக்டரை நம்மால் நிலைக்கவிட முடிகிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமாக நான் நினைக்கும் ஒன்று உண்டு. தன்னால் முடியாததை முடியாது என்று சொல்கிற டாக்டர். இதைத்தான் நம் மக்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு லாப்ரடார் வளர்த்தார். எட்டு வயது, கருத்தடை செய்யாத பெண் நாய். தீட்டு வந்து முடிந்து சில வாரங்கள் கழித்து, ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வாந்தி, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. அவர் வழக்கமாகக் காட்டும் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், உடனே சொல்லிவிட்டார்: "கர்ப்பப்பையில சீழ் வச்சிருக்கிற மாதிரி தெரியுது. இங்க என்கிட்ட ஆபரேஷன் வசதி இல்ல. இன்னைக்கே வேப்பேரி போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க." ஒரு தாளில் அறிகுறி எப்போது தொடங்கியது, தான் என்ன மருந்து கொடுத்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்குக் கோபம். "இத்தனை வருஷமா பார்க்கிறார், ஒரு கஷ்டம்னா கை விரிச்சிட்டாரு பாரு" என்று ஆட்டோவில் வழியெல்லாம் புலம்பினார். ஆனால் வேப்பேரியில் அந்தத் தாளைப் பார்த்ததும் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. ஸ்கேன் எடுத்தார்கள், பயோமெட்ரா என்று உறுதிப்படுத்தினார்கள், கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாய் பிழைத்தது. அந்த டாக்டர் "ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் அண்ணனுக்கு அன்று கோபம் வந்திருக்காது. சீழ் உள்ளேயே உடைந்திருந்தால் நாய்தான் இருந்திருக்காது.

அதனால் புதிதாக ஒரு டாக்டரைப் பார்க்கப் போகும்போது நான் கேட்டுவிடும் கேள்வி இது: "உங்ககிட்ட முடியாததுன்னா எங்க அனுப்புவீங்க டாக்டர்?" பதில் தயாராக இருக்கிறவரிடம் நம்பிப் போகலாம். கண்ணுக்கு இன்னார், எலும்புக்கு இன்ன இடம், ராத்திரி என்றால் இங்கே என்று அவர் மனதில் ஒரு வரைபடமே இருக்கும். "எல்லாம் நானே பார்த்துடுவேன்" என்று சொல்கிறவரிடம் தடுப்பூசியோடு நிறுத்திக்கொள்வேன்.

வேப்பேரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகாமலே பயப்படுகிறவர்கள் அதிகம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. இப்போது 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும், கூட்டம் தாங்காது. மாணவர்கள் வந்து கேட்பார்கள், அப்புறம் இன்னொரு மாணவர் அதையே கேட்பார், அப்புறம் பேராசிரியர் வந்து அந்த மாணவரிடம் கேட்பார். பலருக்கு இது எரிச்சல். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரே நாயை மூன்று ஜோடிக் கண்கள் பார்க்கின்றன, ஏன் இந்த மருந்து என்று மாணவர் வாய்திறந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் தனியார் கிளினிக்கில் இது கிடைக்கும்? ஒரு எச்சரிக்கை மட்டும்: தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே தரையில் விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள். நோயுற்ற நாய்கள் நடமாடும் இடம், பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனை என்றால் கூடையைத் துணியால் மூடிவிடுங்கள்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் இதற்காக இங்கே வர வேண்டியதில்லை. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும், அண்மைக் காலத்தில் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டையிலும் இதே பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்தில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அரசு மாட்டாஸ்பத்திரியையும் ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே இருக்கும் டாக்டர் நாள் முழுவதும் மாடும் ஆடும் பார்ப்பவர்தான். ஆனால் ரத்தப் பரிசோதனைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலும் கண்ணாலும் நோயைப் பிடிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்நடை மருத்துவருக்கான பட்டமான பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். என்பது பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் எம்.வி.எஸ்சி. என்று மேல்படிப்பும் போட்டிருந்தால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அறுவை சிகிச்சையிலும் எம்.வி.எஸ்சி. உண்டு, கோழி வளர்ப்பிலும் உண்டு, தீவனத்திலும் உண்டு. கோழியிலோ தீவனத்திலோ பட்டம் வாங்கியவர் திறமையில் குறைந்தவர் என்று இல்லை. உங்கள் நாயின் உடைந்த காலுக்கு அந்தப் பட்டம் உதவாது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லக் காரணம், தடுப்பூசி விஷயத்தில் நடக்கும் கூத்து. குட்டி விற்கும் கடையிலேயே ஊசி போட்டு, "எல்லா ஊசியும் முடிஞ்சாச்சு" என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு ஷிட்ஸு குட்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தேதி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டை உரித்துப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். அதில்தான் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். அது எதுவும் இல்லாத புத்தகம் வெறும் காகிதம். அந்தக் குட்டிக்கு எங்கள் டாக்டரம்மா முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எப்போது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுவது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். இந்த மருந்துகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. நம் ஊரில் மே மாதத்தில் கரண்ட் போனால் அந்த ஃபிரிட்ஜுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கலாம். எங்கள் டாக்டரம்மா கேட்காமலே குப்பியை எடுத்து, தேதியைக் காட்டி, கண்ணெதிரில் கலந்து போடுவார்.

"நாய்னா அவருக்கு உசுரு" என்பதற்கு வருகிறேன். அன்பு வேண்டும்தான், ஆனால் அன்பை எதில் பார்ப்பது? நான் டாக்டரைவிட நாயைப் பிடிக்கும் உதவியாளர் தம்பியைப் பார்ப்பேன். கழுத்துச் சங்கிலியைச் சுருட்டி இழுக்கிறாரா, நாய் உள்ளே வந்து அறையை முகர்ந்து முடிக்கும்வரை காத்திருக்கிறாரா? பிடிக்கும்போது கை எங்கே போகிறது? நல்ல இடத்தில் ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொன்று கழுத்தைச் சுற்றி, நாயைத் தன் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடிப்பார்கள். நாயும் அடங்கிவிடும். சில இடங்களில் காதைத் திருகிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய் அடுத்த முறை வாசலிலேயே உட்கார்ந்துவிடும். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் அதற்கப்புறம் பிரயோஜனம் இல்லை, பக்கத்தில் போனால்தானே பார்க்க முடியும். அதே சமயம், வாயைக் கட்டினால் கோபித்துக்கொள்ளும் நம்மவர்களும் மாற வேண்டும். "எங்க நாய் கடிக்காது" என்று எல்லாருமே சொல்கிறோம். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். வாய்ப்பூட்டு போட்ட பிறகு டாக்டர் பயமில்லாமல் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அதனால் லாபம் நாய்க்குத்தான். வீட்டிலேயே அவ்வப்போது போட்டுப் பழக்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் அது முரண்டு பிடிக்காது.

பூனை வைத்திருப்பவர்கள் தனியாகத் தேட வேண்டும். நாய்களுக்கு அருமையாகப் பார்க்கும் சில டாக்டர்கள் பூனையைச் சின்ன நாய் என்று நினைத்தே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பூனையின் உடம்பு வேறு. மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி மருந்தாகப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பொன்னியை முதன்முதலில் கொண்டு போனபோது, "வீட்டில நாயும் இருக்கா? அதுக்கு என்ன உண்ணி மருந்து போடுறீங்க?" என்று நாங்கள் எதுவும் சொல்லாமலே டாக்டரம்மா கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே இவருக்குப் பூனை தெரியும் என்று புரிந்துவிட்டது. பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரல் பாதிக்கும், கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி வரவில்லை என்றால் அன்றே போயாக வேண்டும் என்றும் அன்றைக்கே சொல்லி வைத்தார். போனில் "பூனை ரெண்டு நாளா சாப்பிடல" என்று சொன்னால் "இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்று பதில் வரும் இடத்தை விட்டுவிடுங்கள்.

பணம். வளர்ப்புப் பிராணிகளுக்குக் காப்பீடு நம்மிடம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை, எல்லாம் கைக்காசுதான். அதனால் டெஸ்ட் எழுதினாலே ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் இப்படிக் கேளுங்கள்: "இந்த டெஸ்ட் ரிசல்ட்டைப் பொறுத்து மருந்து மாறுமா டாக்டர்?" மாறும் என்றால் எப்படி மாறும் என்று நல்ல டாக்டர் விளக்குவார். மாறாது என்றால், "சரி, இப்ப வேணாம், தேவைப்பட்டா பார்ப்போம்" என்று அவரே தள்ளிவைப்பார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்பதிலும் தப்பில்லை. என்னால் இவ்வளவுதான் முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னபோது, எதை முதலில் செய்ய வேண்டும், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பிரித்துச் சொன்ன டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டதற்கு முகம் சுளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஷாம்பு, சத்துப் பொடி, விலை உயர்ந்த தீவனம் என்று அலமாரிப் பக்கமே பேச்சு போய் முடிகிறது என்றால், அந்த இடத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

கருத்தடை மாதிரி ஆபரேஷனுக்குக் கொண்டு போகும்போது விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். மயக்கம் ஊசியிலா, கேஸிலா? முன்னால் ரத்தம் பார்ப்பார்களா? ஆபரேஷன் முடிந்து தலை தூக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்? வலிக்கு எத்தனை நாள் மருந்து? சிப்பிப்பாறை, கன்னி மாதிரி கொழுப்பில்லாத ஒல்லி நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து எழுந்திருக்க நேரமாகும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறும். உங்கள் நாயின் இனத்தைப் பார்த்ததுமே டாக்டர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அங்கே பயமில்லாமல் விடலாம்.

ராத்திரி விஷயத்தைப் பகலிலேயே முடிவு செய்து வையுங்கள். சென்னையில் பல கிளினிக்குகள் சாயங்காலம் திறந்து ஒன்பது, பத்து மணிக்கு மூடிவிடும். அதற்கு மேல் யார் போன் எடுப்பார், எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும், அந்த நேரத்தில் நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது, கிராமப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவார்கள். டாக்டர் நம்பர் கையில் இருக்கிறது என்பதற்காக நடுராத்திரியில் "நாய்க்கு முடி கொட்டுது" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது அவருக்குச் செய்யும் கொடுமை. அவரும் பகலெல்லாம் கடி வாங்காமல் தப்பித்து வீட்டுக்குப் போனவர். வலிப்பு, மூச்சுத் திணறல், வயிறு உப்பல், எலி மருந்து தின்றுவிட்டது, இதற்கெல்லாம் தயங்காமல் கூப்பிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு "நேர்ல பார்க்காம சொல்ல முடியாது, கொண்டு வாங்க" என்று சொல்கிறவரைக் காசுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தைப் பார்த்து மருந்து எழுதிவிடுவது அவருக்குத்தான் சுலபம்.

வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு வீட்டு நாய்க்கு நாள் தவறாமல் டிரிப் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், இது எதில் போய் முடியும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனபோது ரிப்போர்ட்டை விரித்து வைத்து, டிரிப்பால் என்ன ஆகும், எது ஆகாது என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் தமிழில் நிதானமாகச் சொன்னார். "தானா சாப்பிடுதா, எழுந்து நிக்குதா, நீங்க கூப்பிட்டா திரும்பிப் பார்க்குதா, இதைத் தினமும் காலண்டர்ல குறிச்சு வைங்க ஐயா. மோசமான நாள் அதிகமாச்சுன்னா அப்ப பேசுவோம்" என்றார். முடிவை அவர்கள் தலையில் கட்டவும் இல்லை, தானே எடுத்துக்கொள்ளவும் இல்லை. கஷ்டமான செய்தியை இப்படிச் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால், அவர் கிளினிக் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நான் போவேன்.

கடைசியாக, டாக்டரை மாற்றுவது. வீடு மாறினாலும் சரி, மனசு ஒப்பவில்லை என்றாலும் சரி, மாற்றலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தடுப்பூசிப் புத்தகம், ரத்த ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக இருக்கட்டும். என்ன ஊசி, எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதித் தரும்படி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், டாக்டரை மாற்ற வேறு காரணம் தேட வேண்டாம். புது டாக்டரிடம் பழையவரைப் பற்றிக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அவர் என்ன கொடுத்தார், அதற்கு நாய் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், நேரம் மிச்சம். ஃபைலின் முதல் தாளில் ஒவ்வொரு முறை போகும்போதும் எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான், குத்துமதிப்பாகச் சொன்னால் சின்ன நாய்க்கும் பூனைக்கும் அரை கிலோ வித்தியாசமே அதிகம்.